கடல் கடந்தோரும் கொன்சல் காரியாலயமும்

தூதரகம் என்றதும் கொடி பறக்கும் மாளிகையும் விருந்துபசாரங்களுமே பலருடைய மனக்கண்முன் தோன்றுகின்றன. அந்நிய நாட்டில் உழைத்துண்ணும் நம்மவருக்கோ அவற்றால் ஆவது யாதொன்றுமில்லை. அவர்களுக்கு வேண்டியது அம்மாளிகையின் ஒரு மூலையில் இயங்கும் கொன்சல் பிரிவே. கடவுச்சீட்டைப் புதுப்பித்தல், பிறப்பு மரணங்களைப் பதிதல், ஊரிலுள்ள காணியை விற்க உடன்பிறந்தானுக்கு அற்றோணித் தத்துவம் எழுதி அத்தாட்சி பெறுதல் ஆகிய கருமங்கள் யாவும் அங்கேதான் நடைபெறுகின்றன.

பெயர்களில் ஒரு சிறு மயக்கம் உண்டு. பொதுநலவாய நாடுகள் தமக்குள் வைத்திருப்பவை உயர்ஸ்தானிகராலயங்கள். ஏனைய நாடுகளில் உள்ளவை தூதரகங்கள். தலைநகருக்கு அப்பால், நம்மவர் மிகுதியாக வாழும் நகரங்களிற் கொன்சல் நாயக அலுவலகங்கள் அமைவதுண்டு. கனடாவில் உயர்ஸ்தானிகராலயம் ஒட்டாவாவிலும், கொன்சல் நாயக அலுவலகம் ரொறன்ரோவிலும் இருக்கின்றன. அவ்வாறே அரபு எமிரேற்சில் தூதரகம் இருப்பது அபுதாபியில். ஆயினும் சார்ஜாவில் வேலை செய்பவர் செல்லவேண்டியது துபாய்க்கே. எந்த ஊர் எந்த அலுவலகத்தின் எல்லைக்குட்பட்டது என்று முன்னரே விசாரித்து வைத்துக்கொண்டால் ஒருநாட் சம்பளமும் பிரயாணச் செலவும் மிச்சமாகும்.

இக்கருமங்கள் யாவற்றுள்ளும் மிக அவசரமானதும் நம்மவர் மிக எளிதாகத் தள்ளிப்போடுவதும் ஒன்றே: அயல்நாட்டிற் பிறந்த பிள்ளையின் பதிவு. மலைநாட்டுத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தை நாம் மறந்துவிடவில்லை. அதே சட்டந்தான் வெளிநாட்டிற் பிறக்கும் நம் பிள்ளைகளுக்கும் விதி வகுத்திருக்கிறது. பிறந்து ஓராண்டுக்குள் அந்நாட்டிலுள்ள இலங்கைக் கொன்சல் அலுவலகத்திலாயினும், இலங்கையில் உரிய அலுவலகத்திலாயினும் பதிந்தாலன்றிப் பிள்ளைக்கு வம்சாவழிப் பிரசாவுரிமை கிட்டாது. தகுந்த காரணங் காட்டினால் அமைச்சர் மேலும் அவகாசம் அளிக்கலாம். ஆனால் அவகாசம் கேட்கும் நிலைக்கு வந்தபின் மனுவும் விளக்கமும் அலைச்சலுமாகக் காலங் கழியும்.

முன்னாளில் இதிற் பெரியதோர் அநீதியும் இருந்தது. தந்தை இலங்கைப் பிரசையாயிருந்தால் மாத்திரமே பிள்ளைக்கு இவ்வுரிமை சேர்ந்தது. பத்து மாதம் சுமந்த தாயின் பிரசாவுரிமையைச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின்னரே தாய் தந்தை இருவரில் எவர் பிரசையாயிருந்தாலும் போதும் என்றாயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள் பொறுத்திருக்கவேண்டிய விஷயமா இது?

"ஆஸ்பத்திரியிற் பிறப்புப் பத்திரம் தந்துவிட்டார்களே, இன்னும் என்ன பதிவு?" என்று கேட்கும் தாய்மாரைக் காண்கிறோம். அப்பத்திரம் பிள்ளை எங்கே, எப்பொழுது பிறந்தது என்பதை மாத்திரமே சொல்லும். எந்த நாட்டுக்குரியது என்பதைச் சொல்லாது. ரொறன்ரோவிற் பிறக்கும் பிள்ளை பிறப்பினாலேயே கனடியப் பிரசையாகிவிடும். வளைகுடா நாடுகளிலோ நம்மவர் பிள்ளைக்கு அத்தகைய உரிமை கிடையாது. பிரித்தானியாவிலும் 1983 ஜனவரி முதலாந் திகதிக்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது அந்நாட்டுப் பிரசையாகவோ நிரந்தரமாகக் குடியிருப்பவராகவோ இருத்தல் வேண்டும். இல்லையேல், பதிவு தவறிய பிள்ளை இரு நாட்டுக்கும் அந்நியமாய் நிற்கும். கடவுச்சீட்டுப் பெற முடியாது; பாட்டியின் முகத்தைப் பார்க்க ஊருக்கு அழைத்துவரவும் முடியாது.

பதிவுக்குப் போகும்பொழுது நம் தமிழ்ப் பெயர்கள் படுத்தும் பாடு தனிக் கதை. தந்தையின் பெயரை முதலெழுத்தாக வைப்பது நம் வழக்கம். அயல்நாட்டு எழுதுவினைஞர் அதனைக் குடும்பப் பெயராக்கி விடுவார். ஞானம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்பொழுது சிலர் 'ஜி' என்ற எழுத்திலே தொடங்குவர்; சிலர் 'என்' என்ற எழுத்திலே தொடங்குவர். தந்தையின் பெயர் அவருடைய கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும், விவாகப் பத்திரத்தில் வேறுவிதமாகவும், பிள்ளையின் பத்திரத்தில் மூன்றாவது விதமாகவும் இருந்தால், மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்க நேரும். பிரசவத்துக்கு முன்னரே இப்பத்திரங்களை ஒருமுறை ஒப்புநோக்கிக் கொள்வது தகும்.

கொன்சலிடம் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பதும் பொருந்தாது. அவர் நம்மவருக்காக நீதிமன்றத்தில் வழக்குரைஞராய் நிற்கமாட்டார். அந்நாட்டுச் சட்டத்தை மீறி எவரையும் சிறைமீட்கவும் மாட்டார். ஆயினும் 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை ஒரு முக்கியமான உரிமையை வழங்குகிறது. ஒருவர் கைதானால், அவர் கேட்டுக்கொள்ளுமிடத்து, அச்செய்தி தாமதமின்றிக் கொன்சலுக்கு அறிவிக்கப்படல் வேண்டும். கொன்சல் அவரைச் சென்று பார்க்கலாம், வழக்கறிஞருக்கும் ஒழுங்கு செய்யலாம். "கேட்டுக்கொள்ளுமிடத்து" என்ற சொல்லைக் கவனியுங்கள். மொழி தெரியாத ஊரில், வீட்டு வேலைக்குச் சென்ற பெண் ஒருத்தி இவ்வுரிமையை அறிந்திராவிடில் எவ்வாறு கேட்பாள்? புறப்படுமுன் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவற்றுள் இது முதன்மையானது.

அகதி அந்தஸ்துக் கோரியவர்களும் பெற்றவர்களும் இங்கே வேறாகக் கருதப்பட வேண்டியவர்கள். சொந்த நாட்டின் பாதுகாப்பை விரும்பித் திரும்ப நாடியவருக்கு அவ்வந்தஸ்து நீங்கலாம் என்று 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை கூறுகிறது. தூதரகத்திற் கடவுச்சீட்டுப் பெறுவதும் அவ்வாறு பொருள்கொள்ளப்படக்கூடும். ஆகையால் அத்தகையோர் தமது வழக்கறிஞரைக் கேளாமல் அப்படியேறுதல் கூடாது.

ஊரில் இருப்போருக்கும் ஒரு வாசல் உண்டு. அயல்நாட்டில் உறவினர் இறந்தாலோ, செய்தியின்றிப் போனாலோ, வெளிவிவகார அமைச்சின் கொழும்புக் கொன்சியூலர் பிரிவிலும், வடபகுதியினர் யாழ்ப்பாணத்திலுள்ள பிராந்திய அலுவலகத்திலும் முறையிடலாம். முறையிடச் செல்பவர் கையிற் கடவுச்சீட்டின் இலக்கமும், வேலை கொடுத்தவருடைய விலாசமும் இருத்தல் வேண்டும். பிரயாணம் புறப்படுவதற்கு முந்திய இரவே அவ்விரண்டையும் ஒரு தாளில் எழுதி, கடவுச்சீட்டின் பிரதியோடு வீட்டுப் பெட்டகத்தில் வைத்துவிட்டுச் செல்லச் சொல்லுங்கள்.