பேச்சு வைத்தியத்துக்கும் பரீட்சை!

மருந்தென்றால் அளந்து கொடுக்கலாம். மாத்திரையென்றால் எண்ணிக் கொடுக்கலாம். பேச்சே மருந்தானால் எதைக் கொண்டு அளப்பது?

மனச்சோர்வைப் பேச்சால் குணப்படுத்தும் முறை ஒன்றை அமெரிக்க மனநோய் நிபுணர் டாக்டர் ஆரன் பெக் 1960-களில் வகுத்தார். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று நோயாளி எண்ணினால், அது உண்மைதானா என்று அவரையே ஆராயச் செய்வது அதன் சாரம். இன்று இம்முறை பல நாடுகளில் பரவியிருக்கிறது. ஆனால், சிகிச்சை நடப்பதோ மூடிய கதவுக்குள்! உள்ளே நடப்பது அம்முறைதானா, வெறும் ஆறுதல் பேச்சா? நோயாளி குணமடையாவிட்டால், பழுது முறையிலா, கையாண்டவரிடத்திலா?

பதினொரு அம்சங்கள்

இதைக் கண்டறிய, 1980-இல் ஜெஃப்ரி யங்கும் பெக்கும் ஓர் அளவுகோல் தயாரித்தார்கள். சிகிச்சைப் பேச்சின் ஒலிப்பதிவைப் பயிற்சி பெற்ற வேறொருவர் கேட்டு மார்க்குப் போடுகிறார். அன்று எதைப் பேசுவதென்று இருவரும் கலந்து முடிவு செய்தார்களா? வைத்தியர் உபதேசம் செய்தாரா, கேள்வி கேட்டுச் சிந்திக்க வைத்தாரா? வீட்டில் செய்து பார்க்கப் பயிற்சி கொடுத்தாரா? இப்படிப் பதினொரு அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 6 வரை, மொத்தம் 66. ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் 40 வாங்கினால் 'பாஸ்'!

வைத்தியரையே கேட்டால் போதாதா? போதாது. மில்லர், மவுன்ட் என்ற இருவர் 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வேறொரு பேச்சு முறையைப் பயின்றவர்கள் தாங்கள் வெகுவாக மாறிவிட்டதாகச் சொன்னார்கள். மாற்றம் சொற்பமே என்று ஒலிநாடா காட்டிக் கொடுத்துவிட்டது!

மார்க்கு மட்டும் போதுமா?

இங்கேதான் ஒரு வேடிக்கை. 36 ஆராய்ச்சிகளைத் திரட்டி 2010-இல் வெளிவந்த ஆய்வில், உயர்ந்த மார்க்குக்கும் நோயாளி குணமாவதற்கும் சொல்லத்தக்க சம்பந்தம் காணப்படவில்லை. விதிகளை ஒப்புவிப்பதால் மட்டும் மனப்புண் ஆறிவிடாது போலும்! அப்படியானால் அளவுகோல் வீணா? இல்லை. கொடுத்தது இன்னதென்றே தெரியாமல், அது பலித்ததா என்று தீர்ப்புச் சொல்ல முடியுமா?

நம் நாட்டில், கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநோய் வைத்தியம் படிக்காத சாதாரண ஆலோசகர்களே மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சை அளித்தார்கள். ஒருவர் ஒலிப்பதிவை மற்றவர்கள் கேட்டு மார்க்குப் போட்டுக் குறைகளைத் திருத்தினார்கள். 495 நோயாளிகளைக் கொண்ட இச்சோதனையின் முடிவு 2017-இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியாயிற்று. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட, இச்சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் அதிகமாகக் குணமடைந்திருந்தார்கள்.

பரீட்சை வைத்தியருக்கு, அதன் பயன் நோயாளிக்கு!