வண்டியை விட்டுட்டா கடனும் போயிடுமா? ஒரு கப்பல் கணக்கு

போன மாசம் திருவண்ணாமலையில நம்ம ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். இஎம்ஐ கட்ட முடியாம, கார் சாவியை லோன் கொடுத்தவங்ககிட்டயே ஒப்படைச்சுட்டார். அதோட முடிஞ்சதுன்னு நினைச்சார். அப்புறம் வந்தது நோட்டீஸ்: இன்னும் ரூ.1,50,000 பாக்கி!

"வண்டியே என்கிட்ட இல்லையே சார்?"

இதுக்கு விடை ஒரு பழைய துறைமுகச் சட்டத்துல தெளிவா இருக்கு. ஐயங்குளத்துத் தெப்பத்தை விட்டா நம்ம ஊருக்கும் கப்பலுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனா கணக்கு ஒண்ணுதான்.

2011 ஜூலை 31. மும்பை ஜுஹு பீச்ல 'பவித்'ங்கிற டேங்கர் கப்பல் கரை ஒதுங்குச்சு. உள்ளே ஒருத்தர்கூட இல்லை. மாலுமிகள் ஓமன் பக்கம் நடுக்கடல்லயே கைவிட்ட கப்பல் அது.

இந்த மாதிரி ஒரு கப்பலோ படகோ துறைமுகத்துக்குள்ள மூழ்கி, வழியை மறிச்சா? 1908-ம் வருஷத்து இந்தியத் துறைமுகங்கள் சட்டம், 14-வது பிரிவு இப்படிச் சொன்னது (2025-ல் இந்தச் சட்டத்துக்குப் பதிலா புதுச் சட்டம் வந்தாச்சு):

1. அகற்றச் சொல்லி ஓனருக்கு நோட்டீஸ்.
2. அவர் செய்யலைன்னா துறைமுக அதிகாரியே அகற்றலாம்.
3. ஆன செலவோட 20% சேர்த்து ஓனர் கட்டணும். இல்லைன்னா பொது ஏலம்.
4. ஏலத்துல மிஞ்சினா உரியவருக்கு. குறைஞ்சா, கப்பல் சேதமானப்போ யார் ஓனரோ அவர் தலையில.

ஒரு உதாரணம் போடுவோம். அகற்றின செலவு ரூ.10 லட்சம், 20% சேர்த்தா ரூ.12 லட்சம். ஏலத்துல வந்தது ரூ.7 லட்சம். மீதி ரூ.5 லட்சம் ஓனர் கடன். பொருளைக் கைவிடலாம், பொறுப்பைக் கைவிட முடியாது.

தம்பியோட கணக்கும் இதேதான். லோன் பாக்கி ரூ.4,00,000. வண்டியை எடுத்து, நிறுத்தி வெச்ச செலவு ரூ.20,000. ஏலத்தொகை ரூ.2,70,000. பாக்கி ரூ.1,50,000.

அப்போ என்ன செய்யலாம்?

• சாவியைக் கொடுக்கும் முன்னாடி, லோன் கொடுத்தவங்க சம்மதத்தோட நீங்களே நல்ல விலைக்கு விற்கப் பாருங்க. ஏலத்தைவிடப் பெரும்பாலும் கூடவே கிடைக்கும்.
• ஒப்படைச்சே ஆகணும்னா, ஏலத் தேதி, விற்ற விலை, செலவுக் கணக்கு எல்லாத்தையும் எழுத்துல கேளுங்க.
• பாக்கியைக் குறைச்சுப் பேசி முடிச்சா, சிபில் ரிப்போர்ட்ல 'செட்டில்டு'ன்னு விழும். நாளைக்கு வீட்டு லோன் கேட்கும்போது அது இடிக்கும்.
• முழுசா அடைச்சதும் என்ஓசி வாங்கி, படிவம் 35 கொடுத்து, ஆர்சியில இருக்கிற லோன் பதிவை நீக்குங்க.

சாவி கை மாறினா போதாது நண்பர்களே, கணக்கும் முடியணும். அடுத்த வீடியோவில சந்திப்போம்!