செம்மறிப் பட்டியில் ஒரு பராமரிப்பு நாள்

வாழ்வாதார உதவியாக நான்கு மறிகளும் ஒரு கிடாயும் பெற்ற குடும்பத்துக்கு, ஒரு மறி இறந்தால் பட்டியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அது சினையாக இருந்தால் வரவிருந்த குட்டியும் போய்விடும். இந்த இழப்புகளில் பலவற்றை முன்கூட்டியே தடுக்கலாம்.

குளிர் நாடுகளில் செம்மறிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது கம்பளி வெட்டுவார்கள். அன்று ஒவ்வோர் ஆடும் ஒருவருடைய கையில் அகப்படுவதால் அதன் நோயும் காயமும் தெரிந்துவிடும். வடக்கில் நாம் வளர்க்கும் நாட்டுச் செம்மறிகளுக்கு இருப்பது குட்டையான உரோமமே. அதை வெட்டத் தேவையில்லை. ஆனால் ஒவ்வோர் ஆட்டையும் பிடித்துப் பார்க்கும் நாள் நமக்கும் தேவை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். மாரி மழை தொடங்குவதற்கு முன் ஒரு முறை கட்டாயம் செய்யுங்கள்.

பிடிக்கும் முறை

காலையில் மேய்ச்சலுக்கு விடுவதற்கு முன், பட்டிக்குள்ளேயே பிடியுங்கள். உரோமத்தைப் பிடித்து இழுக்க வேண்டாம். தோலின் கீழ் இரத்தம் கண்டிவிடும். ஒரு கையைத் தாடையின் கீழும் மறு கையைப் பின்தொடைப் பக்கத்திலும் வைத்து அணைத்துப் பிடியுங்கள்.

பார்க்க வேண்டியவை

1. கண்: கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். உட்புறம் சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறியிருந்தாலோ, தாடையின் கீழ் வீக்கம் இருந்தாலோ, வயிற்றுப் புழுக்கள் இரத்தத்தை உறிஞ்சுகின்றன என்று சந்தேகிக்க வேண்டும். தாமதிக்காமல் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

2. வாலடி: கழிச்சல் ஒட்டிய உரோமத்தைக் கத்தரியுங்கள். ஈ முட்டையிட்டுப் புழு வைப்பது அந்த இடத்தில்தான்.

3. குளம்பு: வளர்ந்து மடிந்த ஓரத்தைச் சிறிது சிறிதாக வெட்டுங்கள். இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தவுடன் நிறுத்துங்கள். சினை ஆட்டைப் புரட்டாமல், நிற்க வைத்தே காலைத் தூக்கி வெட்டுங்கள்.

மருந்து கொடுத்தல்

குடற்புழு மருந்தின் அளவு ஆட்டின் நிறையைப் பொறுத்தது. மிச்சம் பிடிப்பதற்காகக் குறைத்துக் கொடுத்தால் புழுக்கள் சாகா; பிறகு அந்த மருந்துக்கே அடங்காமல் போகும். தலையை உயர்த்தாமல், வாயின் ஓரத்தால் மெதுவாகப் பருக்குங்கள். அவசரப்பட்டால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். சினைப்பட்ட தொடக்கத்தில் சில மருந்துகள் குட்டிக்குக் கேடு செய்யும். ஆகவே கிடாயுடன் சேர்ந்த மறிகளைப் பற்றி வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள். மருந்து கொடுத்த ஆட்டை எத்தனை நாளுக்கு இறைச்சிக்கு விற்கக்கூடாது என்றும் கேட்டறியுங்கள்.

மாட்டுக்குரிய கனியுப்புக் கலவையைச் செம்மறிக்கு வைக்காதீர்கள். மாட்டுக்கு ஏற்ற அளவு செம்பு செம்மறிக்கு நஞ்சாகலாம்.

மேய்ச்சலுக்கு விடும்போது

மண்டையோட்டுச் சின்னமோ எச்சரிக்கை நாடாவோ உள்ள காணிக்கு அருகில் ஆடுகளை விடாதீர்கள். ஆடு உள்ளே போய்விட்டால் பின்னால் போக வேண்டாம். பிள்ளைகளையும் அனுப்ப வேண்டாம். வெளியில் நின்று கூப்பிடுங்கள். வராவிட்டால் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். இன்னோர் ஆட்டை வாங்கிக்கொள்ளலாம். போன காலும் உயிரும் திரும்பி வரா.

ஒவ்வோர் ஆட்டுக்கும் பார்த்த திகதியையும் கொடுத்த மருந்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.