தானியங்கி மின்னஞ்சல்களில் நேரம் பிழைப்பது ஏன்? திருத்துவது எவ்வாறு?



புவியியல் பாடத்தில் நெட்டாங்கும் நேரமும் படிக்கிறீர்கள். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் மின்னஞ்சல் படிக்கிறீர்கள். இவ்விரண்டும் சந்திக்கும் ஓரிடத்தையே இங்கு விளக்கப் போகிறோம். பரீட்சை முடிந்த பின்னர் பயிற்சிநெறிகளுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கப் போகிறவர்கள் நீங்கள். விண்ணப்பம் கிடைத்தது என்று ஒரு கணினி தானாகவே அனுப்பும் மடலில் நேரம் பிழையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் அடிப்படை. புவி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே 15 பாகைக்கு ஒரு மணித்தியாலம், 1 பாகைக்கு 4 நிமிடம். கொழும்பு ஏறத்தாழ கிழக்கு 80 பாகை நெட்டாங்கில் உள்ளது. 80ஐ 4ஆல் பெருக்கினால் 320 நிமிடம், அதாவது 5 மணி 20 நிமிடம் வரும். ஆனால் நமது கடிகாரமோ கிறீனிச்சை விட 5 மணி 30 நிமிடம் முந்தியுள்ளது. காரணம், நாம் பின்பற்றும் நியம நேரம் கிழக்கு 82½ பாகை நெட்டாங்கிற்கு உரியது. (82½ × 4 = 330 நிமிடம்.) இந்தியாவின் நியம நேரமும் இதுவே.

இனி மின்னஞ்சலுக்கு வருவோம். நாம் வாசிக்கும் மடலுக்கு மேலே, நமது கண்ணுக்குப் படாத தலைப்புப் பகுதி ஒன்று உண்டு. அதில் 'டேற்' எனத் தொடங்கும் வரியில் அனுப்பிய நேரம் எழுதப்படும். உதாரணமாக:

புதன், 31 ஜூலை 2024 15:40:12 +0530

கடைசியிலுள்ள +0530 என்பதை அவதானியுங்கள். "நான் எழுதிய இந்த நேரம் சர்வதேச நேரத்தை விட 5 மணி 30 நிமிடம் முந்தியது" என்பதே அதன் பொருள். எனவே சர்வதேச நேரத்தைக் காண அதைக் கழிக்க வேண்டும். கூட்டல் குறியைக் கண்டவுடன் கூட்டிவிடும் மாணவர்கள் அநேகர். புள்ளி போவது இங்கேதான். 15:40:12 இலிருந்து 5:30ஐக் கழித்தால் 10:10:12. ஆகவே 15:40:12 +0530 என்று எழுதினாலும் 10:10:12 +0000 என்று எழுதினாலும் அது ஒரே கணம்தான். மடலைத் திறப்பவரின் கணினி அக்கணத்தைத் தன் நாட்டு நேரத்துக்கு மாற்றிக் காட்டும்.

இப்போது பிழையைப் பார்ப்போம். ஒரு நிறுவனம் 2024 ஜூலை 31ஆம் திகதி பி.ப. 4.00 மணியுடன் விண்ணப்பங்களை முடிக்கிறது எனக் கொள்வோம். மாணவி ஒருவர் பி.ப. 3.40க்கு விண்ணப்பத்தை அனுப்புகிறார். நிறுவனத்தின் சேவையகம் உடனே பதில் மடல் அனுப்புகிறது. அதன் தலைப்பில் 15:40:12 +0000 என்று உள்ளது. மணியும் நிமிடமும் இலங்கை நேரம். ஆனால் பக்கத்தில் இருப்பதோ சர்வதேச நேரத்தின் அடையாளம். மாணவியின் கணினி அதை நம்பி 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டி, மடல் இரவு 9.10க்கு அனுப்பப்பட்டதாகக் காட்டும். இருபது நிமிடம் முந்தி விண்ணப்பித்தவர், அந்த மடலை அச்சிட்டுக் கொண்டுபோனால், ஐந்து மணித்தியாலம் பிந்தியவராகத் தோன்றுவார்.

அவர் தன் பக்க நியாயத்தை எப்படி நிறுவலாம்? வழி உண்டு. தலைப்புப் பகுதியில் 'றிசீவ்ட்' எனத் தொடங்கும் வரிகளும் உள்ளன. மடல் கடந்து வந்த சேவையகங்கள், தமக்கு அது கிடைத்த நேரத்தைத் தத்தம் கடிகாரப்படி அவற்றில் பதிகின்றன. கடைசியாகப் பெற்றது மிக மேலே இருக்கும். ஜிமெயிலில் மடலைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒறிஜினல்' என்பதைத் தெரிந்தால் இவற்றைப் பார்க்கலாம். அங்கே 03:10:15 -0700 என்று இருக்கிறது என்று வைப்போம். கழித்தல் குறி என்றால் சர்வதேச நேரத்துக்குப் பிந்தியது. ஆகவே கூட்ட வேண்டும். 3:10:15 உடன் 7 மணியைக் கூட்டினால் 10:10:15 சர்வதேச நேரம். ஆனால் அனுப்பியதாகச் சொல்லப்படும் நேரம் 15:40:12 சர்வதேச நேரம். அப்படியானால் மடல் அனுப்பப்படுவதற்கு ஏறத்தாழ ஐந்தரை மணித்தியாலத்துக்கு முன்னரே வந்து சேர்ந்துவிட்டது! இது நடக்க முடியாதது. வித்தியாசம் சரியாக ஐந்தரை மணியாக இருப்பதும் தற்செயல் அல்ல. பிழை எந்த நாட்டு நேரத்தால் வந்தது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. இந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கொடுப்பதே தகுந்த சான்று.

அடுத்து, இப்பிழை எப்படி உண்டாகிறது? பெரும்பாலும் நல்ல நோக்கத்தோடு ஒருவர் செய்த வேலையாலேயே உண்டாகிறது. வாடகைக்கு எடுக்கும் சேவையகங்கள் பல சர்வதேச நேரத்திலேயே அமைக்கப்பட்டு வருகின்றன. அலுவலகத்தில் ஒருவர் அதைப் பார்த்து, "கடிகாரம் ஐந்தரை மணி பின்னுக்கு நிற்கிறது" என்று எண்ணி, கடிகாரத்தை முன்னே தள்ளிவிடுகிறார். நேர வலயத்தை மாற்றவில்லை. திரையில் இலங்கை நேரம் சரியாகத் தெரிகிறது. மடலின் உள்ளே "உங்கள் விண்ணப்பம் 15.40க்குக் கிடைத்தது" என்ற வாசகமும் சரியாகவே இருக்கிறது. எனவே ஒருவரும் சந்தேகிப்பதில்லை. தலைப்பு மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

கணினியின் கடிகாரம் வேறு, நேர வலயம் வேறு. கடிகாரம் உலகம் முழுவதற்கும் ஒன்றான கணத்தைச் சொல்வது. வலயம் அக்கணத்தை ஓர் ஊரின் நேரமாக மாற்றும் விதி. வலயத்தில் உள்ள குறையைக் கடிகாரத்தைத் திருப்பித் தீர்க்கக் கூடாது. சுவர்க்கடிகாரத்தில் இந்த வேறுபாடு இல்லாதபடியால்தான் நமக்கு இது பிடிபடச் சற்று நேரம் எடுக்கிறது.

திருத்தும்போது முதலில் அந்தச் சேவையகத்திடம் சர்வதேச நேரம் என்ன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அது பிழையாக இருந்தால் குற்றம் கடிகாரத்தில். இணையத்திலுள்ள நேரச் சேவையகத்துடன் கடிகாரத்தைத் தானாகவே ஒத்திசையும்படி விட்டு, பின்னர் வலயத்தை 'ஆசியா/கொழும்பு' என அமைக்க வேண்டும். சர்வதேச நேரம் சரியாக இருந்தும் தலைப்பு பிழை என்றால், குற்றம் மடலை எழுதும் செய்நிரலில். அதை எழுதியவர் +0000 என்பதைக் கையால் தட்டெழுதி வைத்திருப்பார். அதை அகற்றி, மொழியில் ஏற்கனவே உள்ள திகதிச் செயற்பாடுகள் வித்தியாசத்தைக் கணிக்கும்படி விட வேண்டும். தலைப்பு சரி, மடலின் உள்ளே மட்டும் 10.10 என்று உள்ளது என்றால் அது மூன்றாவது வகை: தரவுத்தளத்திலுள்ள சர்வதேச நேரத்தை மாற்றாமல் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். அனுப்பும்போது மாற்றி, பக்கத்தில் "இலங்கை நேரம்" என்று எழுதினால் தீர்ந்தது. தரவுத்தளத்திலுள்ளதை மாற்றத் தேவையில்லை. அங்கு சர்வதேச நேரம் இருப்பதே முறை. வலயத்தை மாற்றிய பின் செய்நிரலை நிறுத்தி மறுபடி தொடக்குங்கள். பல செய்நிரல்கள் தொடங்கும்போது மாத்திரமே வலயத்தை வாசிக்கின்றன. பின்னர் உங்களுக்கே ஒரு மடல் அனுப்பி அதன் தலைப்பைப் பாருங்கள். திரையிலுள்ள மணியை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம்.

"இலங்கைக்கு எப்போதும் +0530தானே, கையால் எழுதினால் என்ன?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். எப்போதும் அல்ல. 1996இல் வரட்சியால் மின்தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மின்சாரத்தைச் சேமிக்கவென மே 25ஆம் திகதி கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டன. அப்போது வித்தியாசம் +0630. அதே ஆண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டு +0600 ஆனது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அப்படியே இருந்து, 2006 ஏப்ரல் 15ஆம் திகதி, புத்தாண்டுக்கு மறுநாள், மீண்டும் +0530க்குத் திரும்பினோம். உங்கள் பெற்றோரைக் கேளுங்கள், நினைவிருக்கும்.

மனிதர் கடிகாரத்தைத் திருப்பிவிட்டனர். கணினிகள் அறியவில்லை. அக்கால விண்டோஸில் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்ற வலயம் +06:00 என்றே இருந்தது. புதிய பட்டியலை நிறுவாதவர்கள், திரையில் அரை மணி முந்தித் தெரிகிறதே என்று கடிகாரத்தைப் பின்னே திருப்பினால், தலைப்பில் 15:40 +0600 என்று விழும். அதாவது 09:40 சர்வதேச நேரம்; உண்மையான 10:10 இலிருந்து அரை மணி பிழை. வேறொரு ஆண்டில், வேறொரு எண்ணில், அதே தவறு.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2003இல் நண்பகல் 12.00க்கு +0600 என்று அனுப்பிய மடல் இன்றும் சரியானதே. அதை இன்று திறக்கும் செய்நிரல் 'ஆசியா/கொழும்பு' வலயத்தின் வரலாற்றை அறிந்திருந்தால் 12.00 என்றே காட்டும். எல்லாத் திகதிக்கும் 5:30ஐக் கூட்டும் செய்நிரல் 11.30 என்று காட்டும். வித்தியாசம் என்பது ஓர் எண். வலயம் என்பது எந்தத் திகதியில் எந்த எண் என்று கூறும் பட்டியல். செய்நிரலுக்குப் பட்டியலையே கொடுக்க வேண்டும்.

அரை மணியினால் நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஐந்தரை மணித்தியாலம் தசமத்தில் 5.5. அதைப் பார்த்து +0550 என்று எழுதினால் 20 நிமிடம் பிழைக்கும். 5.30 என்பதைத் தசமமாக எண்ணி 60ஆல் பெருக்கினால் 318 நிமிடம், 12 நிமிடம் குறைவு. ஆகவே நேரம் எத்தனை நிமிடத்தால் பிழைக்கிறது என்பதை முதலில் அளந்து பாருங்கள். 12 அல்லது 20 நிமிடம் என்றால் கணக்குப் பிழை என ஐயுறலாம். ஐந்தரை மணி என்றால் மாற்றம் ஒருமுறை விடுபட்டிருக்கும் அல்லது தேவையின்றிச் செய்யப்பட்டிருக்கும். ஒரு மணித்தியாலம் என்றால் கோடைகால நேரம் உள்ள நாடு ஒன்று சம்பந்தப்பட்டிருக்கலாம்.

கோடைகால நேரம் இலங்கையில் இல்லை. ஆனால் இலண்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை கடிகாரம் ஒரு மணி முன்னே செல்லும். மாமாவோ சித்தியோ அங்கிருந்தால், அழைப்பு எடுக்கும் நேரம் மாறுவதை நீங்களே அவதானித்திருப்பீர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. இலண்டனிலுள்ள கணினி ஒன்று நாள்தோறும் இலண்டன் நேரம் மு.ப. 9.00க்கு யாழ்ப்பாணத்துக்கு மடல் அனுப்புகிறது. ஜனவரி 15, ஜூலை 15 ஆகிய தினங்களில் இலங்கை நேரம் யாது?

விடை: ஜனவரியில் இலண்டன் +0000; 9.00 + 5.30 = பி.ப. 2.30. ஜூலையில் இலண்டன் +0100. சர்வதேச நேரம் 8.00, ஆகவே பி.ப. 1.30.

2. 2006 ஏப்ரல் 15ஆம் திகதி நள்ளிரவு கடந்து 12.30 ஆனபோது கடிகாரங்கள் 12.00க்குத் திருப்பப்பட்டன. 00:15 +0600, 00:15 +0530 என இரு மடல்கள் உள்ளன. முதலில் அனுப்பப்பட்டது எது?

விடை: 00:15 +0600 என்பது ஏப்ரல் 14, 18:15 சர்வதேச நேரம். 00:15 +0530 என்பது 18:45. ஆகவே +0600 உடையதே முந்தியது. அன்றிரவு அந்த அரை மணித்தியாலம் இருமுறை வந்தது. இரு மடல்களையும் வேறுபடுத்துவது கடைசி நான்கு இலக்கங்கள் மாத்திரமே.