மஞ்சள் விளக்கு எரிந்தால்... பாகத்தை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்!

‘காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. இ.சி.எம் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா?’

கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில், தென்னை வாடலுக்கும் மாட்டின் மடிநோய்க்கும் நடுவில் இப்போது இந்த மாதிரிக் கேள்விகளும் எட்டிப் பார்க்கின்றன. அம்பாசடரையும் ஜீப்பையும் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் மட்டும் வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே பிரித்து மாட்டியவர்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களே இன்றைய காரின் பானெட்டைத் திறந்தால் கைகட்டி நிற்கிறார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்த பிறகு, விற்பனைக்கு வரும் கார், பிக்-அப் எல்லாமே கம்ப்யூட்டரும் சென்சாரும் வைத்துத்தான் ஓடுகின்றன. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் 2023 ஜனவரியிலிருந்து புதிய புகை விதி வந்துவிட்டது.

கேள்விக்கு வருவோம். இ.சி.எம் என்பது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர். அது கெட்டுப்போவது அபூர்வம். அதற்குப் போகும் கரன்ட், எர்த், வயர், கனெக்டர், இவைதான் அடிக்கடி கெடுகின்றன. இவற்றைச் சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டரும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சிறிய ஸ்கேனரும் போதும். மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டரைப் பிரித்துப் பார்த்த கைகளுக்கு இது பெரிய வித்தையே இல்லை.

விளக்கு என்ன சொல்கிறது?

முதலில் நிறத்தைப் பாருங்கள். ஆயில், வெப்பம் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை அங்கேயே ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். சந்தைக்கு நேரமாகிறது என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடும். செக் இன்ஜின் விளக்கு மஞ்சளாக நின்று எரிந்தால் மெதுவாக வீடு வரை வரலாம். அதே விளக்கு விட்டு விட்டு மின்னினால், சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடும். அந்தப் பாகத்தின் விலை நம் வெள்ளாமையையே விழுங்கக்கூடியது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் அருகே 16 ஓட்டைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதற்கு ஓ.பி.டி போர்ட் என்று பெயர். 2013-க்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் உண்டு. ‘இ.எல்.எம் 327’ வகை ப்ளூடூத் ஸ்கேனரை அதில் சொருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, செல்போனில் டார்க் அல்லது கார் ஸ்கேனர் செயலியைத் திறந்தால் கோளாறு எண் வந்துவிடும். சந்தையில் கிடைக்கும் மலிவான ஸ்கேனர்களில் பலவும் நகல்கள். சில வண்டிகளோடு பேசவே பேசாது. திருப்பித் தர வசதியுள்ள இடத்தில் வாங்குவது நல்லது. வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். சொருகியே கிடந்தால் பேட்டரியை உறிஞ்சும். இன்னொன்று, இந்த மலிவு ஸ்கேனர் இன்ஜின் கோளாறைத்தான் படிக்கும். ஏர்பேக், ஏ.பி.எஸ் போன்றவற்றைப் பெரும்பாலும் படிக்காது.

பி என்று தொடங்கும் எண் இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. யு என்று தொடங்கினால், வண்டியில் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. எண்ணைக் காகிதத்தில் எழுதி, போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அழிக்காதீர்கள். கோளாறு வந்த அந்த நொடியில் இன்ஜின் என்ன வேகத்தில், எவ்வளவு சூட்டில் ஓடியது என்பதையும் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும். எண்ணை அழித்தால் அந்தப் பதிவும் சேர்ந்து போய்விடும். பணிமனைக்குப் போகும்போது இந்தக் காகிதம் கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

எண் காட்டுவது நோயின் அறிகுறியை. எந்தப் பாகம் கெட்டது என்பதை அல்ல. இலை மஞ்சளானால் உடனே யூரியா போடுகிற அவசரம் இங்கேயும் நடக்கிறது. மஞ்சளுக்குக் காரணம் வேரழுகலாகவும் இருக்கலாம் அல்லவா?

பி0171 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டிகளில் அடிக்கடி வருவது. காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் கலக்கிறது என்பதுதான் அதன் பொருள். இதைச் சொன்னது ஆக்ஸிஜன் சென்சார். உடனே அந்தச் சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள். சேதி சொன்னவனைத் தண்டித்த கதைதான்! மறுவாரம் விளக்கு மறுபடி எரியும். செயலியில் ‘ஃபியூல் ட்ரிம்’ என்றொரு அளவு இருக்கிறது. கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவிகிதம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்று அது காட்டும். வண்டி நின்றபடி ஓடும்போது கூட்டல் 10-க்கு மேல் இருந்து, ஆக்ஸிலரேட்டரை 2,500 சுற்றுக்கு உயர்த்தியதும் குறைந்தால், எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்தோ கழன்றோ காற்று உள்ளே போகிறது. மாறாக, வேகம் கூடக் கூட எண்ணும் கூடினால் பெட்ரோல் வரத்துதான் குறைவு. பில்டரையும் பம்பையும் பாருங்கள். புழுதியான மண் ரோட்டில் ஓடும் வண்டியில் காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்தும் இதே எண் வரும். குழாய் என்றால் செலவு மிகச் சொற்பம். சென்சாரின் விலையோ ஆயிரக்கணக்கில்.

எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தால்

பல நாள் நிறுத்திவைத்த காரை எடுக்கும்போது ஏ.பி.எஸ், பவர் ஸ்டீயரிங், இன்ஜின் என்று திருவிழா மாதிரி விளக்குகள் எரிந்தால் பயப்பட வேண்டாம். ஐந்து பாகங்கள் ஒரே ராத்திரியில் கெடாது. பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, காலையில் மல்டிமீட்டரை டி.சி 20 வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளவெடுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே இறங்கினால் சார்ஜரில் போட வேண்டும். அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் மீட்டரைப் பாருங்கள். அந்த நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி நலிந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் டைனமோ வேலை செய்கிறது. சில புதிய கார்களில் மைலேஜுக்காகக் கம்ப்யூட்டரே இந்த அளவை ஏற்றி இறக்கும். அவற்றில் சற்றுக் குறைவாகக் காட்டினாலும் உடனே டைனமோவைக் கழற்ற வேண்டியதில்லை.

இனி எர்த். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இன்ஜின் ஓடி, ஹெட்லைட்டும் எரியும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் போல்ட்டில் துரு பிடித்திருக்கிறது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். கடற்கரை மாவட்டங்களில் உப்புக் காற்றுக்கே இந்தக் கோளாறு வரும். இதைப் பார்க்காமல் இ.சி.எம்-மில் கை வைக்கும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி.

நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்குகிறது என்றால் கசிவைத் தேட வேண்டும். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, டெர்மினலுக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணையுங்கள். கதவுகளை அடைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் பிடிக்கும். அதன் பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 300 காட்டினால், ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணி ஓடிப்போகிறது. 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நான்கு நாளில் படுத்துவிடும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, அந்தப் பாதையில் திருடன் இருக்கிறான். பிற்பாடு மாட்டிய மியூசிக் சிஸ்டமும் ஜி.பி.எஸ் கருவியும்தான் முதல் சந்தேகத்துக்குரியவை. மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது மட்டும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் கருகிவிடும்.

எலி

வைக்கோல் போருக்குப் பக்கத்தில் காரை நிறுத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் எலிக்குச் சூடான இன்ஜின் அறையைவிட நல்ல வளை ஏது? பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கையோ, உமியோ, கடித்த பஞ்சோ தெரிந்தால், ஸ்கேனருக்கு முன் டார்ச்சை எடுங்கள். சென்சார்களுக்குப் போகும் மெல்லிய வயர்களை விரலால் தடவிப் பாருங்கள். கடிபட்ட வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால், மழைக்காலத்தில் பச்சை பிடித்து மறுபடி கோளாறு வரும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூட வேண்டும். அதே நிற வயர்கள் இரண்டு மூன்று அறுந்திருந்தால் ஊகித்து இணைக்காதீர்கள். வயரிங் படம் பார்க்கத் தெரிந்தவரிடம் விடுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் தீவன மூட்டை வைக்காமல் இருப்பதும், காற்று உள்ளே போகும் வாயில் சிறு கண் வலை கட்டுவதும் ஓரளவு காக்கும்.

புதிதாக ஒன்றை மாட்டும்போது

பனி விளக்கு, ரிவர்ஸ் கேமரா, செல்போன் சார்ஜர் எல்லாம் வீட்டிலேயே மாட்டலாம். ஆனால், ஹெட்லைட் வயரைச் சீவி அதிலிருந்து கரன்ட் எடுக்கும் பழைய பழக்கம் இப்போதைய காருக்கு ஆகாது. விளக்குக்குப் போகும் கரன்டைக் கம்ப்யூட்டர் அளந்துகொண்டே இருக்கும். கூடுதலாக இழுத்தால் கோளாறு என்று அந்தப் பாதையையே அணைத்துவிடும்.

55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்கு மேல். இந்தக் கரன்ட் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ரிலேயின் 30-ம் எண் காலுக்கு. 87-லிருந்து விளக்குக்கு. 85 எர்த். 86-க்கு மட்டும் டேஷ்போர்டில் வைக்கும் சுவிட்சிலிருந்து சின்ன வயர். சுவிட்ச் வழியாகப் போவது கால் ஆம்பியர்கூட இல்லை. கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் எப்படியோ, அப்படித்தான் இந்த ரிலே.

ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில், கம்ப்யூட்டருக்குள் இருந்தும் அணைத்து வைக்கப்பட்ட சில வசதிகளை வி.சி.டி.எஸ் போன்ற மென்பொருள் கொண்டு திறக்கிறார்கள். செய்வதானால், மாற்றும் முன் பழைய எண்களைக் குறித்து வையுங்கள். நடுவில் பேட்டரி இறங்காமல் சார்ஜரும் இணைந்திருக்கட்டும்.

மஞ்சள் உறை போட்ட வயர், மஞ்சள் கனெக்டர் பக்கம் மட்டும் போக வேண்டாம். அது ஏர்பேக் பாதை. மல்டிமீட்டரிலிருந்து போகும் சிறு கரன்டே அதை வெடிக்க வைக்கப் போதும். முன்னால் இரும்புக் கம்பி பம்பர் மாட்டுவதையும் விட்டுவிடுங்கள். மோதலைச் சென்சார் உணர்வதை அது கெடுக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைச் சுட்டி, 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்குத் தடை சொல்லிவிட்டது.

நம் தோட்டத்தில் நடக்கும் தவறுகள்

பிக்-அப்பின் கேரியருக்கு வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வெல்டிங் எர்த் கிளிப்பை, பற்றவைக்கும் இடத்துக்கு ஒட்டினாற்போல் மாட்டுங்கள். டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க ஓடும் வண்டியில் டெர்மினலைக் கழற்றும் பழைய வித்தையை அடியோடு மறந்துவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ், நல்ல இ.சி.எம்-மையும் உண்மையிலேயே கொன்றுவிடும். செல்ஃப் எடுக்காத காருக்கு 12 வோல்ட் டிராக்டர் பேட்டரியிலிருந்து கரன்ட் கொடுக்கலாம். 24 வோல்ட் லாரியிலிருந்து கூடாது. மோட்டார் தண்ணீரை வேகமாக அடித்து இன்ஜின் அறையைக் கழுவுவதும் வேண்டாம். கனெக்டருக்குள் தங்கும் நீர் பல நாள் கழித்து வேலையைக் காட்டும்.

டி.இ.எஃப் ஊற்றும் டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘அதில் இருப்பது யூரியாதானே, வீட்டு மூட்டையிலிருந்து கரைத்து ஊற்றலாமா?’ கூடாது. டி.இ.எஃப் என்பது மிகத் தூய யூரியா 32.5 சதவிகிதமும், தாது நீக்கிய தண்ணீரும் மட்டும் கலந்தது. நம் மூட்டையில் இருப்பது 2015-லிருந்து வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெயும், போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்து தெளிப்பானை அடைத்து, புகையைச் சுத்திகரிக்கும் பாகத்தையும் பாழாக்கும். மானிய யூரியாவை வேறு உபயோகத்துக்கு எடுப்பது சட்டப்படியும் குற்றம். ஏற்கெனவே ஊற்றிவிட்டிருந்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம். திருப்பினால் பம்ப் அதைக் குழாய்க்குள் இழுத்துவிடும். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய், டேங்கைக் காலி செய்து கழுவச் சொல்லுங்கள்.