உஷார்! அம்மாவோட போனை யார் எடுக்கிறாங்க?

அம்மாவோ அப்பாவோ ஊர்ல தனியா இருக்காங்களா? ஏஜென்சி மூலமா ஒரு ஆளைப் போட்டுட்டு, 'அப்பாடா'ன்னு இருக்கீங்களா? கையில இருக்கிற வேலையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு இதைப் படிங்க.

கும்பகோணம் பக்கம் ஒரு அம்மா. எண்பதை நெருங்கற வயசு. மகன் அமெரிக்காவில். இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆன பிறகு, ராப்பகலா கூடவே இருக்க ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் வந்தாங்க. 'ஹோம் நர்ஸ்'னு சொல்லித்தான் அனுப்பினாங்க. மகன் தினமும் வீடியோ கால் பேசுவார். தலை வாரி, பொட்டு வெச்சு, தலையணையில சாஞ்சிருக்கிற அம்மா முகம் தெரியும். கொஞ்ச நாள்ல அம்மா பேச்சு தடம் மாற ஆரம்பிச்சது. எப்பவோ செத்துப்போன தங்கச்சி வந்துட்டுப் போனான்னாங்க. 'வயசாகுதுல்ல சார், மறதி'ன்னு அந்தப் பெண் சொன்னாங்க. மகனும் நம்பிட்டார்.

மறதி இல்லீங்க அது! ராத்திரி டயப்பர் மாத்தணுமேன்னு, சாயங்காலத்துக்கு மேல தண்ணியே கொடுக்கலை. உடம்புல நீர்ச்சத்து வத்தி, யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து, அதனால வந்த குழப்பம். வயசானவங்களுக்கு இந்த இன்ஃபெக்‌ஷன் வந்தா காய்ச்சல், எரிச்சல் எதுவும் பெருசா தெரியாம, திடீர்னு புத்தி தடுமாறுறது மட்டுமே வெளியில தெரியலாம். திருவிழாவுக்கு வந்த நாத்தனார் புடவை மாத்தி விடலாம்னு அந்தம்மாவை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாங்க. முதுகுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். மேலே பவுடரை அப்பி வெச்சிருந்தாங்க. வீடியோ கால்ல முகம் மட்டும்தானே தெரியும்!

படுத்த படுக்கையா இருக்கிறவங்களைப் பொதுவா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி விடணும். விட்டுட்டா சில மணி நேரத்திலேயே தோல் சிவக்க ஆரம்பிச்சிடும். சிவப்பா இருக்கும்போதே கவனிச்சா தப்பிச்சாங்க. ஆழமாயிட்டா ஆற மாசக்கணக்காகும், கிருமி ரத்தத்துல பரவினா உயிருக்கே ஆபத்து.

'ஹோம் நர்ஸ்'ங்கிற பேரை மட்டும் நம்பாதீங்க! ஏ.என்.எம். படிப்பு ரெண்டு வருஷம், ஜி.என்.எம். மூணு வருஷம். படிச்சவங்க நர்ஸிங் கவுன்சில்ல பதிவு பண்ணியிருப்பாங்க. அந்தப் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க. 'மேடம், எல்லாம் டிரெயின்டு ஸ்டாஃப்'னு மழுப்பினா, வர்றது துணைக்கு இருக்கிற ஆள்தான்னு புரிஞ்சுக்கோங்க. குளிப்பாட்ட, சாப்பாடு கொடுக்க அவங்க போதும். ஆனா முறையான பயிற்சி இல்லாத கையில இன்சுலின் ஊசியையும் மூக்குக் குழாயையும் கொடுக்காதீங்க.

ஒரு நியாயத்தையும் சொல்லிடறேன். இருபத்து நாலு மணி நேரமும் ஒரே ஆளுன்னா அவங்க எப்போ தூங்குவாங்க? நீங்க கொடுக்கிற பணத்துல ஏஜென்சி கமிஷன் போக அவங்க கைக்கு எவ்வளவு போகுதுன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா? தூக்கமில்லாதவங்கதான் பெரியவங்களைத் தூங்க வைக்க வழி தேடுவாங்க. வாரம் ஒரு நாள் லீவு கொடுங்க. அன்னிக்கு வேற ஒருத்தர் வந்து பார்த்துக்கட்டும். வேற கண்ணு பார்த்தாலே பாதி விஷயம் வெளியில வந்துடும்.

இதெல்லாம் நடந்தா உடனே முழிச்சுக்கோங்க!

எப்போ போன் பண்ணாலும் அந்த ஆளே எடுக்கிறது. 'அம்மா தூங்குறாங்க'ங்கிற பதில். பகல் பதினோரு மணிக்கும் தூக்கம், சாயங்காலம் அஞ்சுக்கும் தூக்கம்னா மாத்திரை அட்டையை எண்ணச் சொல்லுங்க. தூக்க மாத்திரை கணக்கு இடிக்கும்.

பக்கத்து வீட்டுக்காரங்களை வாசலோட அனுப்பறது. 'டாக்டர் யாரையும் பார்க்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்'னு சாக்கு சொல்றது. எனக்கு நகை காணாமப் போறதைவிட இதுதான் அதிக பயம். நகை போனா கேஸ் கொடுக்கலாம். ஆள் நடமாட்டமே நின்னுபோன வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு யார் சொல்லுவா?

உதடு வெடிச்சிருக்கு, யூரின் அடர் மஞ்சளா போகுது, மேல்கையில விரல் பதிஞ்ச மாதிரி கன்னிப்போன தடம்.

ஏ.டி.எம். கார்டும் பின் நம்பரும் அந்த ஆள் கையில. இதுக்கு விளக்கமே வேண்டாம்!

'நான் பார்த்துக்கறேன்'னு உறவுக்காரரே வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறதும் உண்டு. தானபத்திரம் எழுதியே ஆகணும்னா, 'கடைசிவரை பராமரிக்கணும்'ங்கிற நிபந்தனையை அதிலேயே எழுதுங்க. மூத்த குடிமக்கள் சட்டம் 2007-ன் 23-வது பிரிவு இதுக்காகத்தான் இருக்கு. கைவிட்டா, கோட்டாட்சியர் தலைமையில இருக்கிற தீர்ப்பாயத்துல மனு கொடுத்து பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். நிபந்தனை இல்லைன்னா வழக்கு இழுக்கும்.

ஆளை வேலைக்கு வைக்கும் முன்னாடி தமிழ்நாடு காவல்துறை இணையதளத்துல வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிச்சுடுங்க. ஆதார் நகல் வாங்கி வெச்சா மட்டும் போதாது.

அரசோட 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட்லேருந்து நடக்குது. பிரஷர், சுகர் மாத்திரை, பிசியோதெரபி, படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வலி நிவாரண சிகிச்சைன்னு வீடு தேடி வர்றாங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லி அம்மா பேரைச் சேருங்க. மாத்திரைக்காக மட்டும் சொல்லலை, மாசாமாசம் ஒருத்தர் வந்து நேர்ல பார்த்துட்டுப் போவாங்களே! 'அவங்கள்லாம் எதுக்கு, நானே பார்த்துக்கறேன்'னு ஆள் தடுத்தா, அதையும் மேலே சொன்ன அறிகுறியோட சேர்த்துக்கோங்க.

அப்புறம் அம்மா கட்டிலுக்கு எதிர் சுவத்துல, கண்ணாடி போடாமலே தெரியற அளவுக்குப் பெரிய எழுத்துல நம்பர்களை எழுதி ஒட்டுங்க. முதியோர் உதவிக்கு 14567, காலை எட்டு முதல் ராத்திரி எட்டு வரை, காசில்லை. அதுக்கு மேல அவசரம்னா 112, ஆம்புலன்ஸுக்கு 108. அம்மா கைக்கெட்டற தூரத்துல பட்டன் போன் ஒண்ணு, அதுல முதல் நம்பர் உங்களோடது இல்லை, பக்கத்து வீட்டோடது.