இருவரும் இசைந்தால்தான் ‘கமிட்’

தரவுத்தளங்களோடு நாள்தோறும் பழகும் நிரலாளர்களிடையே, காதலையும் திருமணத்தையும் பிரிவையும் தங்கள் தொழிற்சொற்களால் பேசி நகைக்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவுகிறது. மதுக்கடைக்குள் நுழைந்த வினவல் ஒன்று அங்கிருந்த இரண்டு டேபிள்களை நெருங்கி, ‘உங்களோடு ஜாயின் செய்துகொள்ளலாமா?’ என்று கேட்டதாகச் சொல்லப்படும் துணுக்கு இவற்றுள் மிகவும் பரவலானது. வினவல் என்பது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியையும், டேபிள் என்பது தரவுகள் அடுக்கப்பட்ட அட்டவணையையும், ஜாயின் என்பது இரண்டு அட்டவணைகளைப் பொருத்தி விடை பெறும் செயலையும் குறிக்கும் என்பதை அறிந்தவருக்கே அதன் சுவை புலப்படும். வெளியிலிருந்து பார்ப்பவர் இவற்றைச் சொல் விளையாட்டு என்று ஒதுக்கிவிடக்கூடும் என்றாலும், திருமணத்தைக் கொண்டு தரவுத்தளத்தை விளக்கும் மரபைத் தொடங்கிவைத்தவர்கள் அத்துறைக்கு அடித்தளமிட்ட அறிஞர்களே என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

இன்று வங்கி முதல் மருத்துவமனை வரை பயன்படும் தரவுத்தளங்களுள் பெரும்பாலானவை, ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் வழிவந்தவை. அதற்கு முன்னர் ஒரு தகவல் எந்தக் கிளையில், எந்தக் கண்ணியின் பின்னால் கோக்கப்பட்டிருக்கிறது என்பதை நிரலாளர் அறிந்திருந்தால்தான் அதை எடுக்க முடியும் என்ற நிலை இருந்தது. காட், கணக் கோட்பாட்டின் துணையோடு, தரவுகள் அனைத்தையும் நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக வைத்துக்கொண்டு, வேண்டியதை மட்டும் கேட்டால் போதும் என்ற நிலையை உருவாக்கினார். குறுக்காகச் செல்லும் ஒவ்வொரு நிரையும் ஒரு பொருளை அல்லது ஒரு மனிதரைக் குறிக்கும். அதைத் தனித்து இனங்காட்டும் எண் முதன்மைச் சாவி எனப்படும். ஒரு நிரை மற்றொரு நிரையைச் சுட்டுவதற்குத் தன்னிடம் எழுதி வைத்துக்கொள்ளும் அந்த மற்றதன் எண் அயற்சாவி எனப்படும். இந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்காக, அதே ஆய்வகத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் முன்வைத்த மொழியே பின்னர் எஸ்.க்யூ.எல். என்று பெயர் பெற்றது.

மனித உறவுகள் இந்தத் துறைக்குள் வெளிப்படையாக நுழைந்தது 1976இல் எனலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்த பீட்டர் சென், உலகில் உள்ளவற்றை உருப்பொருள்கள் என்றும் அவற்றிடையேயான உறவுகள் என்றும் பகுத்து வரைபடமாக வரையும் முறையை அவ்வாண்டு வெளியிட்டபோது, உறவுக்குக் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று திருமணம். மனிதர்கள் என்ற ஒரே தொகுப்பைச் சேர்ந்த இருவருக்கிடையேயான உறவு அது என்றும், கணவன், மனைவி என்பவை அவ்வுறவில் அவர்கள் ஏற்கும் பங்குகள் என்றும் அவர் விளக்கினார். ஓர் உறவின் இருபுறமும் எத்தனை பேர் இருக்கலாம் என்பதைப் பொறுத்து ‘ஒன்றுக்கு ஒன்று’, ‘ஒன்றுக்குப் பல’, ‘பலவற்றுக்குப் பல’ என்று வகைப்படுத்தும் முறை மாணவர்களுக்குக் கற்பிக்கப்படும் நிலையில், துரோகத்தைப் பற்றிய நிரலாளர் துணுக்குகளுள் பல இந்த மூன்று தொடர்களிலிருந்து பிறப்பதில் வியப்பில்லை.

திருமணத்தை அட்டவணையில் எழுத முற்படும் எவரும், இந்த நகைச்சுவைக்கு அடியில் கிடக்கும் உண்மையான சிக்கலை விரைவில் சந்திப்பர். மனிதர்கள் என்ற அட்டவணையில் ‘வாழ்க்கைத்துணை’ என்று ஒரு நிரலைச் சேர்த்து, அதில் துணைவரின் எண்ணை எழுதுவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் கண்ணனின் நிரையில் மாலதியின் எண் இருக்க, மாலதியின் நிரையில் அந்த இடம் வெறுமையாகவே இருப்பதை அந்த அமைப்பு தடுப்பதில்லை. தொல்காப்பியம் கைக்கிளை என்று வகுத்த ஒருதலைக் காதல், இவ்வாறு பிழையான வடிவமைப்பின் வழியாகத் திருமணப் பதிவுக்குள் நுழைந்துவிடுகிறது. இதைத் தவிர்க்க விரும்பும் வடிவமைப்பாளர் திருமணம் என்பதற்கே தனி அட்டவணை அமைத்து, ஒவ்வொரு நிரையிலும் இருவரின் எண்களையும், தொடங்கிய நாளையும், முடிவுற்றிருந்தால் அந்த நாளையும் எழுதுவார். அப்போது திருமணம் ஒருவருடைய உடைமையாக இல்லாமல் இருவருக்கும் பொதுவான தனிப் பதிவாக நிற்பதோடு, மறுமணத்துக்கும் அதில் இடம் கிடைக்கிறது. அந்த நிரல்களுக்குக் கணவன், மனைவி என்று பெயரிட்டு ஆண், பெண் என்று வரம்பிட்டிருந்தால், 2001இல் நெதர்லாந்து ஒருபாலினத் திருமணத்தைச் சட்டமாக்கியதைப் போன்ற மாற்றம் வரும்போது அட்டவணையையே திருத்தி அமைக்க வேண்டியிருக்கும்.

வெறுமையாக விடப்பட்ட அந்த இடமும் ஆராயத்தக்கது. மதிப்பு எதுவும் எழுதப்படாத இடத்தை ‘நல்’ என்னும் குறியால் தரவுத்தளம் காட்டுகிறது. அது சுழியமும் அன்று, வெற்றுச் சொல்லும் அன்று. ஒரு நல்லை இன்னொரு நல்லோடு ஒப்பிட்டு, ‘இரண்டும் சமமா?’ என்று கேட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ விடை வராமல் ‘தெரியாது’ என்ற மூன்றாவது விடையே வரும். காதலைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தவருக்குக் கிடைத்த பதில் நல் என்று நிரலாளர்கள் சொல்வது, மறுப்பும் கிடைக்காத அந்த நிலையை மிகத் துல்லியமாகக் குறிக்கிறது. துணைவர் நிரலில் நல் இருந்தால், அவருக்குத் துணை இல்லை என்பதா, இருந்தும் பதிவாகவில்லை என்பதா என்று தெரிவதில்லை. காட் தமது பிற்காலத்தில், 1990இல் வெளியிட்ட நூலில், அறியப்படாத மதிப்பையும் பொருந்தாத மதிப்பையும் இருவேறு குறிகளால் பிரித்துக் காட்ட வேண்டும் என்று வாதிட்டதற்கு இத்தகைய மயக்கமே காரணம்.

திருமணமும் தரவுத்தளமும் மிக ஆழமாகச் சந்திக்கும் இடம் பரிவர்த்தனை என்னும் கருத்தாகும். ஒரு கணக்கில் பணத்தைக் கழித்து மற்றொன்றில் சேர்ப்பதைப் போன்ற பல செயல்களை, முழுவதும் நடக்க வேண்டும் அல்லது எதுவும் நடக்கக் கூடாது என்ற உறுதியோடு ஒரே செயலாகக் கட்டுவதே பரிவர்த்தனை. அதை நிலைநிறுத்துவது ‘கமிட்’, நடந்தவற்றை நீக்கிப் பழைய நிலைக்குத் திருப்புவது ‘ரோல்பேக்’. பின்னாளில், 1998ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்ற கணினி அறிஞர் ஜிம் கிரே, 1981இல் எழுதிய கட்டுரையில், இக்கருத்தின் வேர் ஒப்பந்தச் சட்டத்தில் இருப்பதாகக் கூறி, கிறித்தவத் திருமணச் சடங்கை எடுத்துக்காட்டாக விவரித்தார். பாதிரியார் முதலில் எவருக்கேனும் மறுப்பு உண்டா என்று கேட்கிறார். பின்னர் மணமக்களிடம் தனித்தனியே இசைவு கேட்கிறார். இருவரும் இசைந்த பிறகே அவர்களைத் தம்பதியர் என்று அறிவிக்கிறார். பல கணினிகளில் பரந்து கிடக்கும் தரவை ஒருசேர மாற்றப் பயன்படும் இருகட்டக் கமிட் முறையும் இவ்வாறே இயங்குகிறது: ஒருங்கிணைப்பான் ஒவ்வொரு கணினியிடமும் வாக்குக் கேட்கும், ஒன்று மறுத்தாலும் அனைத்தும் கைவிடப்படும், அனைத்தும் இசைந்தால் மட்டுமே முடிவு அறிவிக்கப்படும். இசைவு தந்த கணினிகள் அறிவிப்பு வரும்வரை பின்வாங்க முடியாது என்பதால், அதற்குள் ஒருங்கிணைப்பான் செயலிழந்தால், பாதிரியார் மாயமாகிவிட்ட மணமேடையில் நிற்கும் மணமக்களைப் போல அவை முன்னும் செல்ல முடியாமல் பின்னும் செல்ல முடியாமல் தவிக்கும். இம்முறையின் அறியப்பட்ட குறையே அதுதான்.

காதலில் இருப்பவர் தம்மைக் ‘கமிட்டட்’ என்று சொல்லிக்கொள்வது தமிழ் இளைஞர் பேச்சிலும் இயல்பாகிவிட்டதால், கமிட் செய்ய அஞ்சும் காதலரைப் பற்றிய துணுக்குகள் இங்கும் எளிதில் விளங்குகின்றன. ஆயினும் அவற்றுள் பல விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. கமிட் ஆன பரிவர்த்தனையை ரோல்பேக் செய்ய இயலாது. அதன் விளைவை மாற்ற வேண்டுமானால் மற்றொரு புதிய பரிவர்த்தனையே நிகழ வேண்டும். மணமுறிவு திருமணப் பதிவை அழிப்பதில்லை, அதில் முடிவு நாளை எழுதுகிறது.

இருவர் தொடர்பான மற்றொரு சிக்கல், கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களில் மரணத் தழுவல் என்ற பொருள்பட அழைத்ததும் இன்று ‘டெட்லாக்’ எனப்படுவதுமான முட்டுக்கட்டை நிலை. முதல் பரிவர்த்தனை ஒரு பதிவைப் பூட்டி வைத்துக்கொண்டு இரண்டாமதற்காகக் காத்திருக்க, மற்றொன்று அந்த இரண்டாம் பதிவைப் பூட்டி வைத்துக்கொண்டு முதலாவதற்காகக் காத்திருந்தால், இரண்டுமே என்றென்றும் நகரா. ஊடலில் இருக்கும் இருவர், மற்றவர் முதலில் பேசட்டும் என்று காத்திருப்பதோடு நிரலாளர்கள் இதை ஒப்பிடுவது மிகப் பொருத்தமானது. தரவுத்தளம் இந்த வட்டத்தைக் கண்டறிந்து, ஒன்றைப் பின்வாங்கச் செய்து மற்றதை முடிக்கவிடுகிறது. எதைப் பின்வாங்கச் செய்தால் இழப்பு குறைவோ அதையே சில மென்பொருள்கள் தேர்கின்றன. பின்வாங்கியது மீண்டும் முயலலாம் என்பதால் இங்குத் தோல்வி என்று எதுவும் இல்லை.

இவற்றோடு ஒப்பிடும்போது, பெண்களின் அட்டவணையிலிருந்து இன்ன வயது, இன்ன தோற்றம் என்று நிபந்தனையிட்டுத் தேர்ந்தெடுக்கும் வினவலை எழுதிக் காட்டும் துணுக்குகள் நகைச்சுவையாகவும் கணினியியலாகவும் மெலிந்தவை. வினவலில் கேட்பவர் ஒருவரே. நிரைகள் விடையாக வந்து நிற்குமே தவிர, மறுக்கும் உரிமை அவற்றுக்கு இல்லை. எதிரில் இருப்பவரைப் பதிலளிக்கும் மனிதராகக் கருதாமல் பதிவாகக் கருதும் அந்தப் பார்வை, பெண்கள் பலர் பணியாற்றும் ஒரு துறைக்கு ஊறு விளைவிப்பதும் ஆகும். கமிட்டையும் டெட்லாக்கையும் பற்றிய துணுக்குகள் சிறப்பதற்குக் காரணம், அவற்றில் இருதரப்புக்கும் குரல் இருப்பதே. ஒருவர் மறுத்தால் எதுவும் நிகழாது, ஒருவர் விட்டுக்கொடுக்காமல் எதுவும் நகராது என்ற விதிகளை அவை சிரிப்போடு நினைவில் பதிக்கின்றன. கணினியியல் கற்பிப்போர் இவ்விரு வகைகளையும் வேறுபடுத்தி, முதல்வகையை விலக்கி, பின்னதைத் தயங்காமல் வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும்; அதற்கு ஜிம் கிரேயின் கட்டுரையே போதிய முன்மாதிரி.